பொன் மூக்கும் புருவ அறுவையும்

நம் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஊரார் அவரைப் புலவர் என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைத்துப் பழகிவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகறையில் சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்ய அமர்ந்தவர், வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாகவே ஒழுகுவதைக் கண்டு திடுக்கிட்டார். முகவாதம். மருந்தும் பயிற்சியுமாக மாதங்கள் கழிந்தன. கோணிய வாய் ஏறக்குறைய நேராயிற்று. குழறிய பேச்சு திருந்திற்று. வலப் புருவம் மட்டும் மீளவில்லை. கயிறு தளர்ந்த திரை போல் இறங்கிக் கண்ணின் மேற்பாதியை மூடிக்கொண்டது. இடக்கையில் நூலை ஏந்தி, வலக்கை விரலால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவர் படிப்பார். பக்கம் புரட்ட வேண்டுமென்றால் புருவத்தைக் கைவிட வேண்டும்.

அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. கடைத்தெருவில் எதிர்ப்படும் பழைய மாணவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு ஒரு கணம் தயங்கி நிற்பார்கள். ஒரு கண் விரிந்தும் மறு கண் பாதி மூடியும் இருந்த அந்த முகம், எதிரில் நிற்பவனை ஏளனம் செய்வது போல் தோற்றிற்று. வாழ்நாளில் எவரையும் ஏளனமாக நோக்கியறியாத மனிதர் அவர்.

நகரத்து மருத்துவமனை ஒன்றில், இறங்கிய புருவத்தை அறுவை செய்து உயர்த்திவிடலாம் என்றார்கள். செலவுக் கணக்கும் எழுதித் தந்தார்கள். ஒரு தாளன்று, இரண்டு தாள்கள். ஒரே மருத்துவமனை, ஒரே டாக்டர், ஒரே புருவம். தொகை மட்டும் ஒன்றைப் போல் மற்றது மூன்று மடங்கு! இரு தாள்களையும் எடுத்துக்கொண்டு புலவர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“இரண்டு கேள்விகள். இது மார்க்கத்தில் ஆகுமா என்பது ஒன்று. ஏன் இந்த விலை வேறுபாடு என்பது மற்றொன்று. முன்னதற்கு ஹஜ்ரத் இருக்கிறார். பின்னதற்கு டாக்டர் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கேட்க ஆளில்லாமல் உங்களிடம் வந்தேன்” என்றார்.

நாம் சிரித்தோம். ஒன்று பள்ளிவாசலில் கேட்க வேண்டிய கேள்வி, மற்றொன்று கல்லாப்பெட்டியருகே கேட்க வேண்டியது, இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்றே அப்பொழுது எண்ணினோம். அத்தாள்களைப் பலமுறை புரட்டி, மருத்துவரிடமும் கேட்டறிந்த பிறகு நம் எண்ணம் மாறிற்று. அது மாறிய வழியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் புருவத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். புருவம் தானாக நிற்பதில்லை, நிறுத்திவைக்கப்படுகிறது. நெற்றியில் நெடுக்காக ஓடும் தசை ஒன்றுதான் அதனை மேலே இழுக்கிறது. கீழே இழுப்பவையோ பல: கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசை, இரு புருவங்களுக்கிடையே சினத்தின் கோடுகளை எழுதும் தசைகள், மூக்கின் அடியிலிருந்து எழுந்து நெற்றி நடுவைக் கீழே பற்றும் தசை. ஒருவன் மேலே இழுக்கப் பலர் கீழே இழுக்கும் இந்த வடம்பிடிப்பில், மேலே இழுப்பவனுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பு பொட்டுப்பகுதியில் தோலுக்குச் சற்றே கீழாக ஓடுகிறது. புலவருக்குச் செயலிழந்தது இந்த நரம்பே. முதுமையிலும் புருவம் இறங்குவதுண்டு. ஆனால் எல்லார்க்கும் இறங்குவதில்லை. சிலருக்கு வயது ஏற ஏறப் புருவத்தின் உட்பகுதி சற்று உயர்ந்தே நிற்பதையும் அளந்து கண்டிருக்கிறார்கள். முதுமை என்றாலே புருவம் விழும் என்று எண்ணுவது முழு உண்மையன்று.

இனி அறுவை முறைகள். எளியது, புருவத்தை ஒட்டி அதன் மேல் விளிம்பிலேயே இலை வடிவில் ஒரு துண்டுத் தோலை எடுத்துவிட்டு விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். நோயாளி டாக்டரோடு பேசிக்கொண்டே படுத்திருக்கலாம். எத்தனை மில்லிமீட்டர் தோலை எடுக்கிறோமோ ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் புருவம் உயரும். கணக்குத் தவறாத முறை. விழுந்த புருவத்தின் பாரத்தை நன்கு தாங்கும் முறை. குறை ஒன்றே: தழும்பு முகத்தில் இருக்கும். புருவத்தின் தலையில் ஒரு கோடாக, பார்ப்பவர் பார்க்கும்படி இருக்கும்.

தழும்பைச் சற்றே அப்பால் தள்ள விரும்பினால் நெற்றிச் சுருக்கம் ஒன்றினுள் வெட்டுவர். ஆழ்ந்த கோடுகள் உள்ள ஆண்களுக்கு இது பொருந்தும். இன்னும் அப்பால் போனால் மயிர் தொடங்கும் விளிம்பில் வெட்டு. அதற்கும் அப்பால், ஒரு காதிலிருந்து மறு காது வரை உச்சந்தலையின் குறுக்கே வெட்டி, நெற்றித் தோல் முழுவதையும் எலும்பிலிருந்து பெயர்த்து மேலே இழுத்து, மிஞ்சும் தலைத்தோலைப் பட்டையாக நறுக்கிவிட்டுத் தைக்கும் பழைய முறை. இதில் தழும்பு மயிருக்குள் மறைந்துவிடும். ஆனால் புருவத்திலிருந்து வெட்டு விலக விலக, அதே உயர்வைப் பெறுவதற்குக் கூடுதலாக வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. மயிர்க்கோடு பின்வாங்குகிறது. உணர்ச்சி நரம்புகள் அறுபடுவதால் உச்சந்தலை மரத்துப்போகிறது. மாதக்கணக்கில் அரிப்பு வாட்டுவதும் உண்டு. வழுக்கைத் தலையர்க்கு இது உதவாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இன்னொரு முறை தோன்றிற்று. மயிருக்குள் மூன்று முதல் ஐந்து வரை சிறு துளைகள். ஒன்றன் வழியே எண்டாஸ்கோப் எனும் குழற்கருவி, மற்றவற்றின் வழியே மெல்லிய கருவிகள். டாக்டர் நோயாளியின் முகத்தைப் பாராமல் திரையைப் பார்த்தே வேலை செய்கிறார். கண்குழியின் மேல் விளிம்பில் எலும்போடு ஒட்டியிருக்கும் சவ்வை விடுவித்து, கீழே இழுக்கும் தசைகளில் சிலவற்றை அறுத்து, நெற்றியை மேலேற்றி, அது அங்கே ஒட்டிப் பிடிக்கும் வரையில் சிறு திருகாணியாலோ உடலிலேயே கரைந்துபோகும் கொக்கியாலோ நிறுத்திவைக்கிறார். இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். ஆகவே மயக்க மருத்துவர் வேண்டும், அதற்கேற்ற அறுவை அரங்கு வேண்டும், கருவிகள் வேண்டும், அவற்றைக் கையாளப் பயின்ற கை வேண்டும். காதுக்குக் காது வெட்டும் முறையைவிட மரப்பும் வேதனையும் இதில் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஊசி மருந்தும் உண்டு. புருவங்களுக்கிடையிலான கோடுகளுக்குப் போட்டாக்ஸ் மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2002-இல் இசைவளித்தது. கீழே இழுக்கும் தசைகளை அது தளர்த்த, புருவம் இம்மியளவு எழும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி இறங்கும். மீண்டும் ஊசி, மீண்டும் பணம். தவணையில் வாங்கும் பொருளைப் போன்றது. தவணை முடிவதே இல்லை என்பதுதான் வேறுபாடு. முகவாதக்காரருக்கு, நலமாயிருக்கும் பக்கத்தில் இந்த ஊசியைப் போட்டு அதனையும் சற்றுத் தளரச் செய்து, இரு பக்கத்தையும் ஒப்பாக்குவதுமுண்டு. புலவர் இதைக் கேட்டதும், “நல்ல மாணவனையும் தோற்கடித்துவிட்டு வகுப்பில் எல்லாரும் சமம் என்பது போலிருக்கிறது” என்றார்.

இப்பொழுது அந்த இரு தாள்களைப் பார்ப்போம். மலிவான தாள், புருவத்தை ஒட்டிய வெட்டுக்கு. மும்மடங்குத் தாள், குழற்கருவி முறைக்கு. டாக்டரின் கூலியில் வேறுபாடு பெரிதாக இல்லை. ஏறியிருந்தவை மயக்கம், அரங்கு, கருவி, திருகாணி, ஓர் இரவு தங்கல். இது எங்கும் உள்ள நிலையே. அமெரிக்காவின் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் 2020-க்கு வெளியிட்ட கணக்கில் இவ்வறுவைக்கு மருத்துவர் பெறும் சராசரிக் கட்டணம் நாலாயிரம் டாலரை ஒட்டி இருந்தது. மயக்கத்துக்கும் அரங்குக்கும் ஆகும் செலவு அதில் சேராது. நோயாளியின் காதில் விழுவது முதல் எண்; அவன் கையிலிருந்து போவது வேறோர் எண்.

இம்முறைகளை விலைப்படி அல்லாமல் வெட்டுமிடத்தின்படி வரிசையாக வைத்துப் பாருங்கள். புருவத்தருகே, நெற்றி நடுவே, மயிர் விளிம்பிலே, மயிருக்குள்ளே. வெட்டு அப்பால் போகப் போகப் புருவம் கூடுதலாக உயர்வதில்லை. கண் கூடுதலாகத் தெரிவதில்லை. உயர்வின் அளவில் தலைசிறந்தது முதற்படியே. ஆகவே ஒவ்வொரு படியிலும் மேன்மேலும் நாம் கொடுக்கும் பணம் எதற்கு? தழும்பை அப்பால் கொண்டுசெல்வதற்கு. அறுவை நடந்தது என்பதைப் பிறர் அறியாமல் இருப்பதற்கு. அந்த மும்மடங்கில் ஒரு மடங்கு புருவத்தின் விலை. எஞ்சியதில் பெரும்பகுதி மறைப்பின் விலை. டாக்டரிடமே இதைச் சொன்னோம். அவர் சற்றே எண்ணிவிட்டு, “இரு புருவமும் இறங்கி, நடுவில் கோடுகளும் இருந்தால் கணக்கு வேறு. உங்கள் நண்பருக்கு நீங்கள் சொல்வது சரிதான்” என்றார்.

இங்கேதான் புலவரின் முதற் கேள்வி வந்து சேர்கிறது.

பச்சை குத்துவோர், புருவ மயிரைக் களைவோர், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோர் ஆகியோரைக் கண்டிக்கும் நபிமொழியை நம் வாசகர் அறிவர். அக்கண்டனத்துக்குக் காரணம் யாது என்று ஆராய்ந்த அறிஞர் பெருமக்கள் இரண்டைக் கூறினர். இறைவன் படைத்த உருவை மாற்றுவது ஒன்று. பிறரை ஏமாற்றுவது, அதாவது தத்லீஸ், மற்றொன்று. முன்னதைப் பற்றியே மேடைகளில் மிகுதியாகப் பேசுகிறோம். பின்னதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஏமாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வியாபாரிகள் பலர் எழுந்து போய்விடுவர் என்ற அச்சமோ, அறியோம்.

அர்பஜா (ரலி) அவர்களின் மூக்கு, குலாப் போர் நாளில் வெட்டுண்டது. வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார், அது நாற்றமெடுத்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் பொன்னால் செய்துகொள்ளுமாறு கூறினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ள செய்தி இது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்ட சமூகத்தில் பொன் மூக்குக்கு அனுமதி! இதைக் கொண்டு, தேவைக்குச் செய்யும் சிகிச்சை ஆகும் என்பதனை அறிஞர்கள் நிலைநாட்டினர். 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும், பிறவியாலோ நோயாலோ விபத்தாலோ கெட்ட உருவையும் செயலையும் மீட்கும் அறுவை ஆகும், மனம்போன போக்கில் இயற்கை உருவை மாற்றுவது ஆகாது என்றே முடிவு கூறிற்று. புலவரின் புருவத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த மூக்கைப் பற்றி நாம் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தோம். வெள்ளியைவிடப் பொன் விலை மிக்கது. செலவு அங்கே தடையாகவில்லை. அதே பொன் மூக்கு எவரையும் ஏமாற்றவும் செய்யாது. முற்றத்தில் வெயில் படும்போதே அது பொன் என்பது எல்லார்க்கும் தெரியும். இழந்தது மீண்டது, இழந்தேன் என்பதும் மறையவில்லை. கூடுதல் செலவு நாற்றத்தைப் போக்குவதற்கே ஆயிற்று, நாலு பேர் கண்ணை மறைப்பதற்கு ஆகவில்லை. இதைப் புலவரிடம் சொன்னபோது அவர் மும்மடங்குத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “எழுபது வயதில் எனக்குத் தழும்பு என்ன செய்துவிடும்?” என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுத நேர்ந்திராது. அன்று புலவரின் தங்கை மகளும் உடன் வந்திருந்தாள். அரபு நாடு ஒன்றில் ஒரு நிறுவனத்தின் முன்வாயில் மேசையில் வேலை, விடுமுறையில் வந்திருந்தாள். வயது நாற்பத்தாறு; குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் அவள் கையில். பேச்சு முடியுந்தறுவாயில், “மாமாவுக்கு ஆகும் என்றால் எனக்கு ஆகாதா?” என்றாள். அவள் புருவங்கள் இயல்பாகவே தாழ்ந்தவை; வயதால் இன்னும் சற்றே தாழ்ந்திருக்கின்றன. பார்வைக்கு இடையூறு ஏதுமில்லை. ஆனால் மேலாளர் அவளிடம், “உங்கள் முகம் எப்போதும் களைத்தே இருக்கிறது, வருபவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறார். ஊருக்கு வருவதற்குச் சில மாதம் முன்பு, அவள் மேசை உள்ளறைக்கு மாற்றப்பட்டது. அடுத்து என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டிலிருந்த பெண்டிர் சிரித்தார்கள். புலவரின் புருவத்துக்கு இரங்கிய அதே வாய்கள்! நாமும் உள்ளூர ஒரு வரியை ஆயத்தம் செய்துகொண்டோம்: மாமாவினுடையது மருத்துவம், உன்னுடையது ஒப்பனை.

இந்த வரி நமக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் இதே கோட்டைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவில் முதியோர்க்கான அரசுக் காப்புறுதி, புருவம் பார்வையை மறைக்கிறது என்று பார்வைப் பரப்பை அளந்தும் புகைப்படம் எடுத்தும் காட்டினால் பணம் தரும், இல்லையேல் தராது. நம் நாட்டில் 2017-இல் வந்த சரக்கு சேவை வரியில், மருத்துவத்துக்கு வரிவிலக்கு உண்டு. அழகு அறுவைக்கு இல்லை. பிறவிக் குறையாலோ வளர்ச்சிக் குறையாலோ காயத்தாலோ கெட்டதை மீட்பதாயின் உண்டு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2013-இல் ஸ்வீடன் நாட்டு வழக்கொன்றில், நோயைத் தீர்ப்பதாயின்தான் விலக்கு என்றும், நோயாளி தன் மனத்தில் என்ன கருதுகிறார் என்பது மட்டுமே முடிவாகாது என்றும் கூறிற்று. வரி அதிகாரியும் முஃப்தியும் ஒரே கேள்வியோடு ஒரே வாசலில் நிற்பது வியப்புத்தான்.

ஆனால் கோடு அவ்வளவு நேராக இல்லை. நமக்கு அதைக் காட்டியது வேலூர்.

தொழுநோய் முற்றியவர்க்குப் புருவ மயிர் உதிர்ந்துவிடும். கொல்லிமலையில் வளர்ந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை செய்து மீண்டும் வேலை செய்ய வைத்தவர் என்று அவரை உலகம் அறியும். கை மீண்டவன் ஊருக்குப் போனான். ஊர் அவனைச் சேர்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள்: புருவம் இல்லை, மூக்கு அமுங்கியிருக்கிறது. நோய் அடங்கிவிட்டது என்ற சீட்டு கையில் இருந்தது. முகம் அச்சீட்டை மறுத்தது. ஆகவே பிராண்ட் முகத்துக்கும் அறுவை செய்யத் தொடங்கினார். தலையிலிருந்து மயிரோடு கூடிய தோல்துண்டு ஒன்றை, அதற்கு இரத்தம் ஊட்டும் நாளத்தோடு எடுத்து, நெற்றித் தோலின் அடியாகக் கொண்டுவந்து புருவத்தின் இடத்தில் வைத்துத் தைத்தார். அது தலைமயிர் ஆகையால் வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். அந்தப் புருவத்தால் கண் கூடுதலாகத் தெரிந்ததா? கை கூடுதலாகப் பிடித்ததா? இல்லை. அளவுகோல் கொண்டு அளந்தால் அது வெறும் தோற்றம். ஆயினும் அதை ஒப்பனை என்று சொல்ல நமக்கு நா எழுமா? இன்னும் ஒன்று: அந்த அறுவை மறைக்கவும் செய்தது. தொழுநோய் வந்த சுவட்டை மறைத்தது. நம் பொன் மூக்கு அளவுகோலின்படி அது குற்றமாக வேண்டும். ஆகவில்லை. ஏனெனில் மறைக்கப்பட்ட அந்தச் சுவடு, நோய் இன்னும் இருக்கிறது என்று ஊருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அறுவை ஒரு பொய்யைப் புனையவில்லை, முகத்தில் ஒட்டியிருந்த பொய்யைக் கத்தரித்தது. புலவரின் புருவமும் அப்படியே. இல்லாத ஏளனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

முகமும் பொய் சொல்லும் என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பெண்ணுக்கு நாம் ஆயத்தம் செய்த வரி தொண்டையில் நின்றுவிடுகிறது. அவள் முகம் களைப்பு என்கிறது, அவளோ களைத்தவளல்லள்.

இந்தச் சிக்கல் புதிதன்று. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குப் பாரிஸில் அறுவை செய்தவர் இப்பொலித் மொரெஸ்தென். 1915-இல் அவர் வேலை செய்வதைக் கண்டு கிளர்ந்து திரும்பிய ஹரோல்ட் கில்லிஸ், இங்கிலாந்தில் முகச்சீரமைப்பு மருத்துவத்தை வளர்த்தார். இயல்புக்கு மீட்பது சீரமைப்பு, இயல்பை விஞ்ச முயல்வது அழகு அறுவை என்ற கருத்து அவருடையதாகக் கூறப்படுகிறது. அதே மொரெஸ்தெனின் மாணவரான ரேமோன் பாஸோ 1919-இல் நெற்றியிலும் மயிர் விளிம்பிலும் தோலை நறுக்கி முகச்சுருக்கத்தையும் புருவத்தையும் உயர்த்தும் முறையை வெளியிட்டார். இன்றைய புருவ அறுவைக்கு மூலம் அதுவே. அதே ஆசிரியரிடம் போர்க்காலத்தில் பயின்ற சூசான் நொயேல் எனும் பெண் மருத்துவர், 1926-இல் அழகு அறுவையின் சமூகப் பங்கைப் பற்றி நூலே எழுதினார். முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிவந்த பெண்கள் பலருக்கு அவர் அறுவை செய்தார். ஏழையரிடம் பணத்தை வற்புறுத்தவில்லை. போர் வீரனும் கடைச் சிப்பந்திப் பெண்ணும் ஒரே மேசையின் கத்திக்கு வந்தவர்கள். நூறாண்டு கழிந்தும் அந்தப் பெண் இன்னும் வரிசையில் நிற்கிறாள்.

நாம் இங்கே இடறாமல் நடக்க முயல்கிறோம். தொழுநோயாளரின் முகம் சொன்னது முழுப் பொய். இவள் முகம் சொல்வதில் பாதி உண்மை. நாற்பத்தாறு வயது உண்மை; களைப்பு பொய்; வயது வந்தவள் முன்வாயிலுக்கு ஆகாள் என்பது முகம் சொன்னதன்று, மேலாளர் சொன்னது. முகத்தின் பொய்யைக் கத்தி திருத்தும். மேலாளரின் பொய்யை அவள் தோலை அறுத்துத் திருத்துவது எந்த வகை நீதி? ஆனால் ஊர் திருந்தட்டும் என்று பிராண்டும் காத்திருக்கவில்லையே. ஊருக்கு அறிவு வரும்வரை புருவமில்லாமல் இரு என்று ஒரு நோயாளியிடம் அவர் சொல்லியிருந்தால் அதை அறம் என்போமா? உலகம் திருந்தும்வரை பொறு என்பது, பொறுக்க வேண்டியிராதவர்கள் சொல்வதற்கு எளிது.

நம் தீர்ப்பு, இருக்கும் அளவில், இதுதான். களைப்பு என்னும் பொய்யை நீக்கும் அளவுக்குச் சிறிதே உயர்த்துவதை நாம் குற்றமென்று சொல்லத் துணியோம். முஃப்தி சொல்வாராயின் கேட்டுக்கொள்வோம். முப்பது வயது என்று தோன்றும்படி இழுத்துக் கட்டுவது வேறு. அது புதிய பொய். அளவுமீறி உயர்த்திய புருவம் எந்நேரமும் திகைத்தது போல் நிற்கும் என்பதை மருத்துவர்களே பட்டறிந்து, இப்பொழுது கையை அடக்குகிறார்கள். ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்வோம்: அந்தத் தாளில் எழுதிய தொகையை அவள் கொடுக்கலாகாது. களையான முகம் வேண்டும் என்று கேட்டது நிறுவனம். வருபவர் மகிழ்ந்தால் இலாபம் நிறுவனத்துக்கு. மயக்க மருந்தின் இடர், மரத்துப்போகும் தலை, பிசகினால் நரம்பு, இவை அனைத்தும் அவளுக்கு. மேசைக்கு மெருகு வேண்டுமென்றால் தச்சனுக்கு நிறுவனம் கூலி கொடுக்கிறது. மெருகு வேண்டியது மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவளுக்கு என்றால் அவளே கொடுக்க வேண்டுமாம்.

இதைச் சொன்னபோது அவள், “கொடுக்க மாட்டார்கள். அதனால் நானே ஒரு வழி பார்த்துவிட்டேன்” என்றாள். எனக்குத்தான் முக்காடு இருக்கிறதே, மயிர் விளிம்பில் வெட்டினால் தழும்பு துணிக்குள் போய்விடுமே, குழற்கருவியும் திருகாணியும் எதற்கு, செலவு பாதியாகுமே என்று டாக்டரிடம் கேட்டாளாம். அவர் அதை எண்ணியே பார்க்கவில்லையாம். நாம் சிரித்துவிட்டோம். பிறகு சிரித்ததற்கு வெட்கினோம். மறைப்பின் விலை மிகுதி என்று பக்கம் பக்கமாக எழுத நாம் எண்ணியிருக்க, மறைப்பு தன்னிடம் முன்பே இருக்கிறது, அதற்கு இரண்டாம் முறை ஏன் பணம் என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாள் அவள். கையில் பணம் குறைந்தவர்களே கணக்கைச் சரியாகப் பார்க்கிறார்கள்.

புலவர் அந்த மாதமே அறுவை செய்துகொண்டார். ஒரு மணி நேரம்; டாக்டருக்கு யாப்பிலக்கணம் சொல்லிக்கொண்டே படுத்திருந்ததாகக் கேள்வி. முகவாதத்தில் அவர் வலக்கண் இன்னமும் முழுதாக மூடுவதில்லை. அந்நிலையில் புருவத்தை மிகவும் தூக்கினால் கண் உலர்ந்து விழி புண்ணாகும் என்று டாக்டர் ஒரு பங்கு தாழ்த்தியே தைத்தார். ஆகவே இரு புருவமும் முற்றிலும் ஒப்பாக இல்லை. தழும்பு சில மாதம் சிவந்திருந்து இப்பொழுது வெளிறிய கோடாகிவிட்டது. மாணவர்கள் கேட்டால் “அறுத்துத் தைத்தது” என்கிறார். அவர்களும் தயங்காமல் கேட்கிறார்கள்.

அவருடைய தங்கை மகள் விடுமுறை முடிந்து அறுவை இல்லாமலே திரும்பிப் போனாள். இன்னமும் உள்ளறையில்தான் இருக்கிறாளாம். மயிர் விளிம்பு வெட்டைப் பற்றி ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று சென்ற மாதம் கேட்டு எழுதியிருந்தாள். ஹஜ்ரத் நூல்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நாம் இன்னும் மறுமொழி எழுதவில்லை. இக்கட்டுரையின் படியொன்றையும், அவள் கேட்டிருந்த அந்த டாக்டரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்ப இருக்கிறோம்.